பெட்டியில் சட்டை வைக்கிறவர்கள்

துபாயில் அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பில் எனக்கு இரண்டு அறை தள்ளி எலிசா அண்ணன் இருந்தார். அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அடுக்கி வைத்திருக்கும். ஒவ்வொரு சட்டையின் கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் ஒரு பேர். எவன் பேர் இருக்கிறதோ அவன் செத்தால் அந்தச் சட்டையைத்தான் போட்டு ஊருக்கு அனுப்புவார்கள்.

அந்தக் கூட்டத்தைச் சபை என்போம். பாஸ்டரோ பாதரோ கிடையாது. குமரிக் கடற்கரைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஊரில் ஆர்.சி. கோயிலும் சி.எஸ்.ஐ. கோயிலும் ஒரே தெருவில் இருந்தாலும் ஒருவன் வீட்டுச் சாவுக்கு மற்றவன் வாசலோடு நின்றுவிடுவான். இங்கே எல்லார் சட்டையும் ஒரே பெட்டிக்குள் கிடந்தது. வேலையும் ஒன்றுதான். எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் துபாயில் செத்துப்போனான் என்று தகவல் வந்தால், சபைக்காரர்கள் முஹைஸ்னாவில் உடலைப் பதப்படுத்துகிற இடத்துக்குப் போவார்கள். முகம் துடைத்து, உடுத்தி, தலை சீவி, ஒரு ஜெபம் சொல்லி, பெட்டியை மூடுகிறவரைக்கும் நிற்பார்கள். வெளியாள் என்றால் கடையில் வாங்கின சட்டை. சபைக்காரன் என்றால் அவனுடைய சட்டை.

ரொம்ப காலம் நான் அதில் சேரவில்லை. உயிரோடு இருக்கிறவன் எதற்குச் சாவுச் சட்டை தைக்க வேண்டும் என்று ஒரு பயம். என் அண்ணன் பஹ்ரைனில் மீன்பிடி போட்டில் வேலை பார்த்தவன். கரைக்கு வந்த இடத்தில் நெஞ்சு வலித்து விழுந்தான். அவன் பெட்டி ஊருக்கு வந்தபோது நான் லீவில் இருந்தேன். நான்தான் மூடியைத் திறந்தேன். ஒரு துணியைச் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் சுற்றி இருந்தது. உள்ளே அவன் உடம்பில் சட்டையோ வேட்டியோ ஒன்றும் இல்லை.

அம்மா அழவில்லை. என்னைத்தான் கேட்டாள். “எனக்க பிள்ளைக்கு ஒரு சட்ட போட்டுவிட அந்த ஊருல ஒரு மனுஷன் இல்லியா?”

லீவு முடிந்து திரும்பி வந்ததும் எலிசா அண்ணன் அறைக்குப் போனேன். சேர வேண்டும் என்றேன். அவர் கிரேன் ஆபரேட்டர். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் கிரேனில் ஏறி உட்கார்ந்திருப்பவர் கீழே இருப்பவனுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக இறக்குவார்.

“சாம்பல் புதன்ல தொடங்கணும். ஈஸ்டர் வரைக்கும் ஒரு ஞாயிறு விடப்பிடாது. இடையில சாவு விழுந்தா வரணும். ஈஸ்டர் அன்னைக்குக் காலைல ஜெபம் முடிஞ்சு உனக்க கையால சட்டைய வைக்கணும். அதுக்கப்புறம் நீ சபைக்காரன்.”

“நடுவுல நின்னுட்டா?”

“மறுவருஷம் சாம்பல் புதன்.”

அந்த வருஷம் சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை வரும் எங்கள் தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பும் சேர்ந்து வந்தன. கேம்ப்பில் பகல் முழுக்கச் சத்தம் இல்லை. மெஸ்ஸில் ஒரு பக்கம் எங்கள் ஆட்கள் மீன் இல்லாமல் சாப்பிட்டார்கள், மற்றப் பக்கம் காலியாகக் கிடந்தது. முதல் ஞாயிறு நான் எலிசா அண்ணன் அறைக்குப் போனபோது பிஜு கட்டில் நிறைய உட்கார்ந்திருந்தான். பிஜு பைப் ஃபிட்டர். அகலமான ஆள். அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் தரையில்தான் இருக்க வேண்டும்.

“வா மக்கா,” என்றான். “புதுச் சட்ட தைக்கப் போறியா? தையக்காரன்கிட்ட தாராளமா விடச் சொல்லு. எனக்க சட்ட ரெண்டு தடவ மாத்தியாச்சு. வயிறு சொன்னா கேக்க மாட்டேங்குது.”

“இப்ப இருக்கியதும் உனக்குப் பத்தாது,” என்றான் பெபின். “நவம்பர்ல எடுத்து வெயில்ல போடும்போதே சொன்னேன். மாத்துலேன்னு.”

“சாவும்போது மெலிஞ்சிருவேம்லே. அதுக்குத்தான் மாத்தல.”

எல்லாரும் சிரித்தார்கள். பெபின் சிரிக்கவில்லை. அவன் கம்பெனிப் பிக்கப் ஓட்டுகிறவன். உடலைப் பார்க்கப் போக வர அவன் வண்டிதான். வாயில் எப்போதும் ஒரு கணக்கு இருக்கும், யார் வந்தான், யார் வரவில்லை, யார் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்து வைத்தான் என்று.

சத்வாவில் ஒரு தையல்காரரிடம் போய்ச் சட்டைக்கு அளவு கொடுத்தேன். பிஜு சொன்னதுபோலத் தாராளமாக விடச் சொன்னேன். எலிசா அண்ணனும் அதையே சொல்லியிருந்தார், விறைத்த கையில் இறுக்கமான சட்டை ஏறாது என்று. சட்டையை வாங்கி வந்த அன்று கட்டிலில் விரித்து, மார்க்கர் பேனாவால் கழுத்துக்கு உள்ளே என் பேரை எழுதினேன். அவனவன் பேரை அவனவனே எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். நான் நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டக் கற்றவன். ஜெபசீலன் என்பது கொஞ்சம் நீளமான பேர். ‘ன்’ மட்டும் பட்டைக்கு வெளியே போய்விட்டது.

மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள் டைம் கீப்பர் அகமது கபீர் என்னைக் கூப்பிட்டார். தமிழர்தான், தொண்டிப் பக்கம். நோன்பு வைத்திருந்ததால் குரல் வறண்டிருந்தது.

“சவுதியில, யான்புல ரிஃபைனரி ஷட்டவுன் வருது ஜெபசீலன். இங்கேருந்து சாரம் கட்டுற ஆளுங்கள எடுக்கிறாங்க. உங்க பேரும் அடிபடுது.”

“எப்ப?”

“தெரியல. பெருநாளுக்கு அப்புறமாவும் இருக்கலாம், ஒரு மாசம் கழிச்சும் இருக்கலாம். போகாமலும் போகலாம்.”

“போவமாட்டேன்னு சொன்னா?”

அவர் என்னைப் பார்த்தார். “அப்படிச் சொன்னவங்கள நான் ஏர்போர்ட்டுலதான் பாத்திருக்கேன், ஊருக்குப் போற கேட்டுல.”

அந்த ராத்திரி நான் தூங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சாரம் கட்டுகிறவன் படுத்தால் தூங்கிவிடுவான். ஆனால் காலையில் எழுந்ததும் அதே நினைப்பு இருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம். ஈஸ்டர் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு சட்டையை வைத்துவிட்டால், வைத்த சட்டையை யாரும் எடுத்து வெளியே போட மாட்டார்கள். பெட்டியில் போனது போனதுதான், உடையவன் கேட்காமல் அதைத் திருப்பி அனுப்பினால் ஆகாது என்பார்கள். ஆனால் ஒருவன் கடைசிச் சட்டையைப் பொய் சொல்லி வைப்பதா? ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் சொல்லிவிட்டேன்.

பெபின்தான் முதலில் பேசினான்.

“அப்ப இந்த வருஷம் விட்டிரு. போறவனுக்கு எதுக்குச் சட்ட?”

“போவேன்னு நான் சொல்லல. போவலாம்னு சொன்னேன்.”

“அதுதான் பிரச்சினை. போறேன்னாலும் ஒரு முடிவு. இல்லேன்னாலும் ஒரு முடிவு. நீ ரெண்டுக்கும் நடுவுல நிக்குத. நாளைக்கு ஒரு சாவு விழுந்தா ஆறு பேர்னு எண்ணி வண்டிய எடுக்கேன். அதுல ஒருத்தன் யான்புல நிப்பான். செத்தவனுக்க தல பக்கம் யாரு பிடிப்பா?”

“இங்க யாருலே போகாதவன்?” என்றான் பிஜு. “விசா முடிஞ்சா நீயும் போற, நானும் போறேன். எல்லாவனும் பெட்டி கட்டி வச்சிட்டுத்தான இருக்கோம்.”

“ஊருக்குப் போறது வேற. ஊருக்குப் போனா சட்டைய எடுத்துக் கையில குடுத்து அனுப்புதோம். அங்க உடுத்த ஆளுண்டு. யான்புல செத்தா நம்மளால போவ முடியுமா? இவன் சட்ட இங்க பெட்டிக்குள்ள கெடக்கும். இவன் அங்க வெறும் உடம்பா கெடப்பான். அது நமக்குத்தான் அசிங்கம்.”

என் அண்ணனைப் பற்றி அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது உண்மை என்று தோன்றியதால் கோபப்பட முடியவில்லை.

எலிசா அண்ணன் கடைசியில் சொன்னார். “ஈஸ்டர் அன்னைக்கு இங்க நின்னா வைக்கட்டும். அன்னைக்கு இல்லேன்னா இல்ல. அதுவரைக்கும் வரட்டும்.”

வெளியே வரும்போது பிஜு என் தோளில் கையைப் போட்டான். அவன் கையின் கனத்தில் நான் ஒரு பக்கம் சாய்ந்தேன். “பெபின் கெட்டவன் இல்ல. ஒரு தடவ மூணு பேரா போயி ஒருத்தனத் தூக்கினோம். பெபினுக்க கையில இருந்து நழுவிட்டு. அதுலேர்ந்து ஆள எண்ணிக்கிட்டே இருக்கான்.” பிறகு சொன்னான், “நீ போனாலும் போனு இருக்குல்லா மக்கா. போன்ல சட்ட போட முடியாது, அவ்வளவுதான்.”

அதற்கு அடுத்த வாரம் பிஜு செத்தான்.

சைட்டில் டீ நேரத்தில் தண்ணீர் குடிக்கக் குனிந்தவன் அப்படியே சரிந்தானாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு வேறு சைட். போன் வந்தபோது நான் மேலே சாரத்தில் இருந்தேன். கீழே இறங்கும்வரை அது யார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம் என்று ஃபோர்மேன் பாய் எல்லாரையும் தடுத்து வைத்திருந்தார். இறங்கின பிறகுதான் சொன்னார்.

காகிதம் எல்லாம் முடிந்து, உடலைக் கொடுக்கிறார்கள், சாயங்கால விமானத்தில் திருவனந்தபுரம் போகிறது என்று தகவல் வந்தது ஒரு வேலை நாளில். பாதிப் பேருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் அகமது கபீரிடம் போய் நின்றேன். “போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்,” என்றார். எலிசா அண்ணன், பெபின், இன்னும் இரண்டு பேர், நான். பெபின் வண்டியில் ஏறும்போது எண்ணினான். என் முறை வந்தபோது ஒரு நொடி நின்றான். பிறகு என்னையும் சேர்த்தே எண்ணினான்.

உள்ளே குளிர் அதிகம். பிஜு நீட்டிப் படுத்திருந்தான். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஏதோ ஒரு பகடியைச் சொல்லிவிட்டு நாங்கள் சிரிக்கக் காத்திருப்பதுபோல வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எலிசா அண்ணன் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். வேட்டி கட்டியாயிற்று. பெட்டியிலிருந்து கொண்டுவந்த சட்டையைப் பெபின் விரித்தான்.

அது ஏறவில்லை.

ஒரு கை போனது. மற்றக் கைக்கு முதுகுக்குப் பின்னால் துணி எட்டவில்லை. சட்டையின் அக்குள் தையலை வெட்டிப் போடலாம் என்று எலிசா அண்ணன் வெட்டினார். போட்டும் முன்பக்கம் ஒரு சாண் இடைவெளி நின்றது. நெஞ்சும் வயிறும் திறந்து கிடந்தன.

“நவம்பர்ல சொன்னேன்,” என்றான் பெபின். “நான் சொன்னேன்ல அண்ணே. சொன்னேன்ல.” அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

“கடையில வாங்கிட்டு வா.”

“எந்தக் கடை? நோன்பு நேரம். இந்தப் பக்கம் எல்லாம் சாயங்காலந்தான் தொறப்பாவ. வண்டிக்காரன் வெளிய நிக்கான். விமானத்துக்கு ஏத்தணும்.”

“எனக்கிட்ட ஒண்ணு இருக்கு,” என்றேன் நான். “தாராளமாத் தச்சது.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் சட்டையை இன்னொருவனுக்குப் போடக் கூடாது. அது தெரிந்துதான் சொன்னேன். எலிசா அண்ணன் பிஜுவின் நெஞ்சைப் பார்த்தார். பிறகு பெபினிடம் தலையை அசைத்தார்.

முஹைஸ்னாவிலிருந்து கேம்ப்புக்கு அதிக தூரம் இல்லை. பெபின் ஓட்டின ஓட்டத்தில் நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். லாக்கரைத் திறந்து சட்டையை எடுத்து அப்படியே கொண்டுபோனோம். அது பிஜுவுக்குச் சரியாக இருந்தது. கடைசிப் பொத்தானை நான் போட்டேன். எலிசா அண்ணன் தலையைச் சீவிவிட்டு ஜெபம் சொன்னார். பெட்டியை மூடினார்கள். அவசரத்தில் ஒருவரும் கழுத்துப் பட்டையின் உள்பக்கத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஊரிலிருந்து எலிசா அண்ணனுக்குப் போன் வந்தது. பிஜுவின் மனைவி ரெஷ்மா. பெட்டியைத் திறந்ததும் அவள் அவன் கழுத்தைத் தடவியிருக்கிறாள். காலர் மடங்கிக் கிடந்ததை நேராக்கப் போனவள் உள்ளே எழுதியிருந்ததைப் படித்தாள். ஜெபசீலன். கூட்டத்தில் யாரோ பெட்டி மாறிவிட்டது என்று கத்தினார்கள். முகம் பிஜுதான். ஆனாலும் ஒருவர் சொன்னது அடுத்த ஊருக்குப் போய், அங்கிருந்து என் ஊருக்குப் போய், சாயங்காலத்துக்குள் என் மனைவி லிண்டாவிடம் ஒரு பெண் வந்து நான் செத்துவிட்டேன் என்று அழுதிருக்கிறாள். லிண்டா எனக்குப் போன் செய்தாள். நான் எடுத்துப் பேசியும் நம்பவில்லை. வீடியோவில் வரச் சொன்னாள். முகத்தைப் பார்த்த பிறகுதான் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அறையில் பிஜு உட்கார்கிற கட்டிலில் யாரும் உட்காரவில்லை. எலிசா அண்ணன் நின்றுகொண்டே பேசினார்.

“அந்தப் பிள்ள என்ன கேட்டுது தெரியுமா? ‘எனக்க ஆளுக்கு சொந்தமா ஒரு சட்ட இல்லியா அண்ணே? சட்ட வச்சிருக்கேன், சட்ட வச்சிருக்கேன்னு வருஷம் முழுக்கச் சொல்லுவாரே. கடைசியில எவனுக்கோ உள்ளத மாட்டி அனுப்பிட்டியளே’ன்னு கேட்டுது. எனக்குச் சொல்ல வாயில்ல. நான்தான் பாத்திருக்கணும்.”

“நாங்களும்தான் நின்னோம்,” என்றான் ஒருவன்.

“இன்னொண்ணு இருக்கு,” என்றார் வயதில் மூத்த இன்னொருவர். அவர் சொல்லத் தயங்கினார். “இவன் பேரு குழிக்குள்ள போயிட்டு. இனி இந்த வருஷம் இவன் வேற சட்டையில பேரு எழுதி வைக்கிறது நல்லதில்ல. ஒரு வருஷம் கழியட்டும்.”

யாரும் எதிர்க்கவில்லை. பெபின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எலிசா அண்ணன் என் பக்கம் திரும்பினார். “என்ன சொல்லுத?”

ஒரு வருஷம் கழித்து நான் எங்கே இருப்பேன் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். காலையில்தான் அகமது கபீர் யான்பு விசாவுக்கென்று என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கியிருந்தார்.

“நீங்க சொன்னா சரிதான் அண்ணே,” என்றேன்.

அறைக்குத் திரும்பி, கழுவி, சாப்பிட்டு, படுத்தேன். பிறகு எழுந்து வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் ரெஷ்மாவுக்குப் போன் செய்தேன். நம்பரை எலிசா அண்ணனிடம் கேட்டு வாங்கியிருந்தேன். என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தது அவள் குரலைக் கேட்டதும் போய்விட்டது.

“நான் ஜெபசீலன் பேசுதேன்.”

அவள் கேட்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

“பிஜுவுக்குச் சட்ட இருந்துது தங்கச்சி. அவனுக்க பேரு எழுதின சட்ட, பெட்டிக்குள்ள. நாங்க கொண்டுதான் போனோம். ஏறல. அவன்கிட்ட மாத்தச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாவ. அவன் விளையாட்டாச் சொல்லிட்டு விட்டுட்டான்.”

“என்ன சொன்னாரு?”

எனக்குத் தயக்கமாக இருந்தது. “சாவும்போது மெலிஞ்சிருவேம்லேன்னு சொன்னான்.”

அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்த ஒரு சத்தம் வந்தது. பிறகு நெடு நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

“அப்படித்தான் பேசுவாரு,” என்றாள். “அது உங்களுக்குன்னு தச்ச சட்டையா?”

“ஆமா.”

“அப்ப உங்களுக்கு?”

“நான் இன்னும் சபையில சேரல. ஈஸ்டருக்குச் சேரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சவுதிக்கு மாத்துதாவ.”

“சேரலன்னா சொல்லுதிய?” என்றாள். “எனக்க ஆளு உங்க சட்டைய உடுத்திக்கிட்டு மண்ணுக்குள்ள கெடக்காரு. காலர வெட்டிப் போடவான்னு எனக்க நாத்தனாரு கத்திரிய எடுத்துட்டு வந்தா. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். யாரோ ஒருத்தரு குடுத்திருக்காரு, பேரு கூடப் போவட்டும்னேன். நான் அண்ணன்கிட்ட கோவத்துல பேசிட்டேன். நீங்க அவியகிட்டச் சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. எனக்காக நானே போய் அதைச் சொல்வது சரியில்லை என்று தோன்றியது.

ஈஸ்டருக்கு மூன்று நாள் முந்தி, பெரிய வியாழன் அன்று எங்களை ஏர்போர்ட்டுக்கு ஏற்றினார்கள். கேம்ப் வாசலில் எலிசா அண்ணன் வந்து நின்றார். பையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தார். “போயிட்டு போன் பண்ணு,” என்றார். ஈஸ்டரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பெபின் வரவில்லை. டூட்டி என்றார்கள்.

ஈஸ்டர் அன்று நான் யான்புவில் ஒரு பாய்லரைச் சுற்றிச் சாரம் கட்டிக்கொண்டிருந்தேன். கடல் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் ரிஃபைனரியின் வாடையில் அது கடல் என்று மூக்குக்குத் தெரியாது. மேலே ஏறி நிற்கும்போது அல் குசைஸில் இப்போது பெட்டியைத் திறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இந்த வருஷம் புதுச் சட்டை இல்லை. பிஜுவின் வெட்டின சட்டையை என்ன செய்தார்களோ. அதற்கு மேல் நினைக்க வேலை விடவில்லை.

யான்பு அறையில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். மற்ற இரண்டு பேரும் காயல்பட்டினத்துக்காரர்கள். முகம்மது சித்தீக் எலெக்ட்ரீஷியன், என் வயது இருக்கும். அஸீம் அவருடைய தங்கை மகன், அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், கல்யாணமானவன். நல்ல மனிதர்கள். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், சித்தீக்கை நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் கண்ணை மூடி ஜெபம் சொல்கிற நேரத்தில் டிவிச் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். இரண்டு மாதம் அப்படிப் போனது. சபையிலிருந்து எனக்கு ஒரு போனும் வரவில்லை. நானும் செய்யவில்லை. வெளியே நிற்கிறவன் கதவைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. பெபின்.

“லே, எங்க நிக்குத?”

“ரூம்ல.”

“தேங்காப்பட்டணத்து ஆளு ஒருத்தன், வெல்டரு, செத்து யான்பு ஆஸ்பத்திரியில கெடக்கான். ரொம்ப நாளாயிட்டு. இப்பதான் காயிதம் எல்லாம் சரியாயிருக்கு. நாளைக்கு அனுப்புதாவளாம். அவனுக்க வீட்டுலேர்ந்து எலிசா அண்ணனுக்குப் போன் பண்ணினாவ, உடுத்த ஆளுண்டான்னு கேட்டு. உனக்க நம்பர நான் குடுத்திட்டேன்.”

“என்னன்னு சொல்லிக் குடுத்த?”

“என்னன்னு சொல்ல? நம்ம சபைக்காரன் ஒருத்தன் அங்க நிக்கான்னு சொன்னேன்.” அவன் கொஞ்சம் நிறுத்தினான். “அண்ணன்தான் சொல்லச் சொன்னாருன்னு நெனைக்காத. அண்ணனுக்க போன நான்தான் எடுத்தேன். சொல்லிட்டுத்தான் அண்ணன்கிட்டச் சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல, தலைய ஆட்டினாரு. ரெஷ்மா எனக்கும் போன் பண்ணிச்சு, நீ அதுகிட்டப் பேசின அன்னைக்கே, உனக்க சட்டையப் பத்தி எல்லாம் சொல்லிச்சு. நான்தான் உன்கிட்டப் பேசாம இருந்துட்டேன்.”

போனைக் காதில் வைத்தபடி கட்டிலிலிருந்து எழுந்து நின்றேன்.

“கேக்குதியா?”

“கேக்குது.”

“அங்க உன்கூட எத்தன பேரு? ஒத்தைக்குத் தூக்காத. சொல்லிட்டேன்.”

“பாக்குதேன்,” என்று சொல்லி வைத்தேன்.

அறைக்குள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசினதில் பாதி அவர்களுக்குக் கேட்டிருக்கும். நான் விஷயத்தைச் சொன்னேன். இப்படி ஒருவர் இறந்து கிடக்கிறார், நாளைக்குக் காலையில் போக வேண்டும், உடுத்த வேண்டும், ஒருவனால் ஆகாது.

“நாங்க வரலாமா?” என்று கேட்டார் சித்தீக். “எங்கள்ல மய்யித்தக் குளிப்பாட்டி கஃபன் துணி சுத்துவோம். அது எனக்குத் தெரியும், எங்க வாப்பாவுக்கு நான்தான் செஞ்சேன். உங்கள்ல எப்படின்னு தெரியாது. நாங்க தொட்டா ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்ல காக்கா. சட்ட போடணும், வேட்டி கட்டணும். ஜெபம் நான் சொல்லிக்கிடுதேன்.”

“வேட்டி சரி,” என்றான் அஸீம். “சட்ட எப்படிப் போடுறது? அவங்க கை மடங்காதே.”

கடைக்குப் போய் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி வந்தோம். பெரிய அளவாகப் பார்த்து வாங்கினேன். திரும்பி வந்ததும் சித்தீக் செருப்பைக் கழற்றிவிட்டு, என்னையும் அஸீமையும் பார்த்துவிட்டு, கட்டிலில் மல்லாந்து படுத்தார். இரண்டு கையையும் விறைப்பாக நீட்டிக்கொண்டார்.

“எனக்குப் போட்டுக் காட்டுங்க,” என்றார். “இவன் பாத்துக்கட்டும்.”

“மாமா, மூச்ச விடாம இருங்க,” என்றான் அஸீம்.

“நீ தல பக்கம் வா மாப்ளே,” என்று நான் அவனைக் கூப்பிட்டேன். சித்தீக் கண்ணை மூடிக்கொண்டார்.